பொதுமுடக்கத்தில் எந்தக் கடைகள் திறந்திருக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020-ஆம் ஆண்டுக் கொரோனாப் பெருந்தொற்றின்போது கடை நடத்துபவர்கள், கடையில் வேலை செய்பவர்கள், பொருள் வாங்கப் போகிறவர்கள் என்று பலரும் ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடுத்த முறையும் இதே கேள்விகள்தாம் எழும் என்பதால், பல நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். காற்று வழியாகப் பரவும் சுவாச நோய்களை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன. நீர் வழியாகவோ கொசு வழியாகவோ பரவும் நோய்க்குக் கணக்கு வேறு. எந்த இடத்திலும் அப்போது நடப்பில் உள்ள அரசாணையே இறுதியானது.

1. முழு முடக்கம் என்றால் எல்லாவற்றையும் மூடிவிட வேண்டியதுதானே? நாலு கடையைத் திறந்து வைத்தால் அதன் வழியாக நோய் பரவாதா?

பரவக்கூடும். திறந்திருக்கும் எந்தக் கடையிலும் ஓரளவு ஆபத்து உண்டு. ஆனால் மனிதர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதை அடியோடு நிறுத்துவது நடவாத காரியம். பொதுமுடக்கம் அதை எதிர்பார்ப்பதுமில்லை. ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே நோய் தொற்றுகிறது என்ற நிலை வந்துவிட்டால், தொற்று தானாகத் தேயத் தொடங்கும். அந்த அளவுக்குச் சந்திப்புகளைக் குறைத்த பிறகு மிஞ்சுகிற சந்திப்புகளை எந்தக் காரியங்களுக்காக ஒதுக்குவது என்பதுதான் கடைப் பட்டியலின் பின்னால் உள்ள கேள்வி.

கடைகளை முற்றாக மூடிய இடங்களும் உண்டு. 2020 ஜனவரி 23 அன்று முடக்கப்பட்ட வுகான் நகரில், பிப்ரவரியில் தனி நபர்கள் அங்காடிக்குச் செல்வதே நிறுத்தப்பட்டது; குடியிருப்புக் குழுக்கள் மொத்தமாகப் பொருள் வாங்கி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தன. 2022 வசந்த காலத்தில் ஷாங்காய் நகரில் இதே முறை தடுமாறியபோது, பணம் இருந்தும் உணவு கிடைக்காத நிலைக்குப் பல குடும்பங்கள் தள்ளப்பட்டன. கடையை மூடுகிறவர், கடை செய்துவந்த வேலையை வேறு யார் செய்யப்போகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2. சரி, எந்தெந்தக் கடைகள் கட்டாயம் திறந்திருக்க வேண்டும்?

உணவுப் பொருள் விற்கும் கடைகள், மருந்துக்கடைகள், எரிபொருள் நிலையங்கள், வங்கிகள் ஆகியவற்றில் பெரும்பாலான நாடுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருக்கவில்லை. சோப்பு, மாதவிடாய் அணையாடை, குழந்தைகளுக்கான பொருள்கள், கால்நடைத் தீவனம் ஆகியவற்றை விற்பவர்களும் இதே வரிசையில் வருவார்கள். 2020 மார்ச் 11 அன்று இத்தாலி வெளியிட்ட ஆணை இவற்றோடு வன்பொருள் கடை, கண்ணாடிக் கடை, செய்தித்தாள் கடை, புகையிலைக் கடை, சலவையகம் ஆகியவற்றையும் திறக்க அனுமதித்தது. முதல் பார்வையில் இது தாராளமான பட்டியலாகத் தோன்றும். பெரும்பகுதிக்குக் காரணம் உண்டு.

3. எது அத்தியாவசியம், எது இல்லை என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பல இடங்களில் அவசரத்தில், முந்தைய பட்டியலைப் பார்த்து எழுதினார்கள் என்பதே உண்மை. என் பார்வையில் ஒவ்வொரு கடைக்கும் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். முதலாவது: இங்கே கிடைப்பதை மக்கள் எத்தனை நாள் ஒத்திப்போட முடியும், அதற்கு மேல் ஒத்திப்போட்டால் என்ன கேடு வரும்? இன்சுலினுக்கு விடை மணிக்கணக்கில் இருக்கும். அலங்காரப் பொருளுக்கு ஆண்டுக்கணக்கில். இரண்டாவது: இங்கே பொருள் வாங்குவது எப்படி நடக்கிறது? எவ்வளவு நேரம் உள்ளே நிற்கிறார்கள், முகக்கவசத்தைக் கழற்ற வேண்டியிருக்கிறதா, காற்றோட்டம் எப்படி, எத்தனை பேர் நெருக்கமாக இருக்கிறார்கள்?

முதல் கேள்விக்கான விடை, கடையைத் திறப்பதா என்பதைச் சொல்லும்; இரண்டாவதன் விடை, எப்படித் திறப்பது என்பதைச் சொல்லும். பெரும்பாலான சண்டைகள் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாவதை மறந்ததால் வந்தவை. கடைப் பலகையில் எழுதியிருக்கும் தொழிலைப் பார்த்து ‘ஆம், இல்லை’ என்று குறிப்பது எளிது. ஆனால் வாசலிலேயே பொருளைக் கொடுத்து அனுப்பும் பொம்மைக் கடை, கூட்டம் நெரியும் மளிகைக்கடையை விடப் பாதுகாப்பானது.

4. மூக்குக்கண்ணாடிக் கடையும் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையும் எதற்குத் திறந்திருக்க வேண்டும்? அவசரமா என்ன?

உங்கள் கண்ணாடி உடையாத வரை அவசரமில்லை. மருத்துவமனைக்கு இரவுப்பணிக்குப் போகும் செவிலியரின் கண்ணாடி உடைந்தாலோ, பேருந்து ஓடாத நாளில் அவருடைய சைக்கிள் பழுதானாலோ, அது அன்றே தீர வேண்டிய சிக்கல். குழாய் வெடித்த வீட்டுக்கு வன்பொருள் கடையும் அப்படித்தான். இத்தகைய கடைகளுக்கு ஒரு நாளில் வரும் ஆட்கள் குறைவு, தேவையோ கடுமையானது. திறந்து வைப்பதால் ஏற்படும் இழப்பு மிகச் சிறியது. பிரிட்டன் 2020 மார்ச் 23 அன்று முடக்கத்தை அறிவித்தபோது சைக்கிள் கடைகளையும் வன்பொருள் கடைகளையும் மூடவில்லை. அது சரியான முடிவு.

5. கடை நேரத்தைக் குறைத்தால் கூட்டமும் குறைந்துவிடும் அல்லவா?

இந்த எண்ணம் பரவலானது. கணக்கோ நேர்மாறாக இருக்கிறது. ஒரு கடைக்கு நாளொன்றுக்கு 600 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் 20 நிமிடம் உள்ளே இருக்கிறார்கள் என்று கொள்வோம். கடை 12 மணி நேரம் திறந்திருந்தால் எந்த நேரத்திலும் சராசரியாக 17 பேர் உள்ளே இருப்பார்கள். அதையே 4 மணி நேரமாகச் சுருக்கினால் 50 பேர் இருப்பார்கள். வாங்க வேண்டிய தேவை குறையாமல் நேரம் மட்டும் குறைந்தால், கூட்டம் நெருக்கமாகும்; நோய்க்கு அதுவே வசதி.

பெரு நாடு இதை விலை கொடுத்துக் கற்றது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே ஆண்கள் மூன்று நாள், பெண்கள் மூன்று நாள், ஞாயிறு எவருமில்லை என்று வெளியே செல்லும் நாள்கள் பிரிக்கப்பட்டன. வீட்டுக்குப் பொருள் வாங்குவோர் பெரும்பாலும் பெண்களாக இருந்ததால் அவர்களுக்குரிய நாள்களில் சந்தைகள் நிரம்பி வழிந்தன. ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. நூறாண்டுக்கு முன்பே, 1918 இன்ஃபுளுயன்சாவின்போது, நியூயார்க் நகர சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்ட், கடைகளும் அலுவலகங்களும் தொழிற்கூடங்களும் வெவ்வேறு நேரங்களில் திறந்து மூடும்படி ஆணையிட்டு, ரயில் நெரிசலைக் குறைக்க முயன்றார். நேரத்தைப் பரப்ப வேண்டும் என்ற அந்தச் சிந்தனை சரியானது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஊழியர்கள் ஓய்வெடுக்கவும் சரக்கு நிரப்பவும் ஒன்றிரண்டு மணி நேரம் குறைப்பதில் தவறில்லை. ‘நாளை மறுநாள் முதல் எல்லாம் மூடப்படும்’ என்று திடீரென அறிவிப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. ஒரு வாரக் கூட்டத்தை ஒரே நாளில் கடைக்கு வரவழைக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை.

6. பெரிய அங்காடியில் துணியும் பொம்மையும் விற்கிறார்கள். அதே பொருளை விற்கும் என் சின்னக் கடையை மட்டும் ஏன் மூடச் சொல்கிறீர்கள்? இது என்ன நியாயம்?

நியாயமில்லை என்பதுதான் நேர்மையான விடை. பல அரசுகள் இதைச் சரிசெய்ய முயன்று வேறு குழிகளில் விழுந்தன. 2020 அக்டோபர் இறுதியில் பிரான்ஸ் இரண்டாம் முறையாக முடங்கியபோது புத்தகக் கடைகள் மூடப்பட்டன, பெரிய அங்காடிகளோ புத்தகம் விற்றுக்கொண்டிருந்தன. சிறு வணிகர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு சிறு கடைகளைத் திறக்கவில்லை. அங்காடிகளிலும் அந்தப் பகுதிகளை மூடச் சொன்னது. வேல்ஸ் நாட்டிலும் அதே மாதத்தில் அங்காடிகள் அத்தியாவசியமற்ற பொருள்களை விற்கக் கூடாதென்று தடைவிதித்து, அலமாரிகளை நெகிழித்தாளால் மூடினார்கள். ஓரிடத்தில் மாதவிடாய்ப் பொருள்கள் இருந்த பகுதி வேறு காரணத்துக்காக அடைபட்டிருந்ததும் இந்தத் தடையால்தான் என்று கருதப்பட்டு, பெரும் கண்டனம் எழுந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2020 ஏப்ரலில் பெரிய கடைகளின் வண்ணப்பூச்சு, தரைவிரிப்பு, செடி விற்பனைப் பகுதிகளை மூடச் சொல்லி, இரண்டு வாரங்களில் அதைத் தளர்த்தியது.

ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட ஒருவர் கூடுதலாக ஒரு பொம்மையை எடுத்துக்கொள்வதால் தொற்றின் ஆபத்து பெரிதாகக் கூடிவிடாது. எனவே அலமாரியை மூடுவது சுகாதார நடவடிக்கை என்பதைவிட வணிகச் சமநிலைக்கான நடவடிக்கை; அப்படியே சொல்லியிருந்தால் மக்களும் புரிந்துகொண்டிருப்பார்கள். அதனால் சிறு கடைக்காரருக்குக் கிடைத்தது மன ஆறுதல் மட்டுமே, வியாபாரம் இணைய வணிகத்துக்குப் போனது. சிறு கடைகளை, எவரையும் உள்ளே விடாமல், முன்பதிவு பெற்று வாசலில் பொருள் கொடுக்க முதல் நாளிலிருந்தே அனுமதிப்பது மேலானது. நியூசிலாந்து 2020 ஏப்ரல் இறுதியில் முதல் தளர்வாக அதைத்தான் செய்தது.

கடையின் பரப்பளவை வைத்துக் கோடு போடுவதும் எளிதாக முடிவதில்லை. ஜெர்மனி 2020 ஏப்ரல் 20 முதல் 800 சதுர மீட்டர் வரையுள்ள கடைகளைத் திறக்க அனுமதித்தது. ஆனால் புத்தகக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் கார் விற்பனையகத்துக்கும் அந்த வரம்பு இல்லை. ஒரே வாரத்தில் அந்நாட்டின் பவேரிய மாநில உயர் நிர்வாக நீதிமன்றம், இது சமமாக நடத்தும் கொள்கைக்கு முரணானது என்று கூறிவிட்டது.

7. மதுக்கடையைத் திறந்து வைப்பது அநியாயம் இல்லையா?

மது நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை இங்கே ஒதுக்கி வைக்கிறேன். கடும் குடிநோயாளிகள் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். சிகிச்சையின்றி விட்டால் உயிரும் போகலாம். மருத்துவமனைகள் நிரம்பி வழியும் வேளையில் இது சிறிய விஷயமன்று. மேலும், மூடப்போகிறோம் என்ற அறிவிப்பே கூட்டத்தைக் கூட்டுகிறது. அமெரிக்காவின் டென்வர் நகர மேயர் 2020 மார்ச் 23 அன்று மதுக்கடைகளை மூட உத்தரவிட்டதும் நீண்ட வரிசைகள் உருவாகின, சில மணி நேரத்தில் உத்தரவு மாற்றப்பட்டது. பென்சில்வேனியா மாநிலம் தன் மதுக்கடைகளை மூடியபோது மக்கள் எல்லை தாண்டி அண்டை மாநிலங்களுக்குப் போனார்கள்.

எதிர்த்தரப்பிலும் வலுவான வாதம் உண்டு. தென்னாப்பிரிக்கா மது விற்பனையைத் தடைசெய்ததற்குச் சொன்ன முக்கியக் காரணம், விபத்தாலும் அடிதடியாலும் நிரம்பும் அவசரப் பிரிவுகளைக் காலியாக்குவது. 2020 ஜூலையில் மறுபடியும் தடை கொண்டுவந்தபோதும் இதையே சொன்னது. அது மூன்றாம் கேள்வியில் சொன்ன அளவுகோலுக்கு உட்பட்ட காரணம், ஒழுக்கப் பிரசங்கம் அன்று. அதே நாடு புகையிலைக்கு விதித்த தடையோ மார்ச் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை நீடித்தது; புகைப்பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலோர் கள்ளச்சந்தையில் அதிக விலைக்குத் தொடர்ந்து வாங்கியதைக் கேப்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆக, மூடுவதானால் காலம் குறுகியதாகவும், குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை தயாராகவும் இருக்க வேண்டும். திறப்பதானால் ஐந்தாம் கேள்வியில் சொன்னபடி நேரத்தைப் பரப்ப வேண்டும்.

8. புத்தகம் இல்லாமல் யாராவது செத்துப்போவார்களா?

மாட்டார்கள். இருந்தாலும் பெர்லின் நகரம் 2020-இன் முதல் முடக்கத்திலேயே புத்தகக் கடைகளை மூடவில்லை, இத்தாலி ஏப்ரல் 14 முதல் அவற்றைத் திறக்க அனுமதித்தது, ஆறாம் கேள்வியில் பார்த்த சண்டைக்குப் பிறகு பிரான்ஸ் 2021 பிப்ரவரியில் அவற்றை அத்தியாவசியப் பட்டியலிலேயே சேர்த்தது. பள்ளி மூடியிருக்கும் மாதங்களில், வீட்டில் இணையமில்லாத மாணவருக்குப் பாடநூலும் எழுதுபொருளும் விற்கும் கடை அவசியமே. ஆனால் இவை வாசலில் கொடுத்து அனுப்பக்கூடிய பொருள்கள். மணிக்கணக்கில் நின்று புரட்டிப் பார்க்கும் சுகத்தை மட்டும் ஒத்திப்போடலாம்.

9. முடிதிருத்தகம்?

இங்கே வாசலில் வைத்துக் கொடுக்க எதுவுமில்லை; இரண்டு பேர் கைநீட்டும் தூரத்தில் அரை மணி நேரம் இருந்தாக வேண்டும். முடி வளர்வதால் கேடு எதுவும் வராது என்பதால் தொற்று உச்சத்தில் இருக்கும் வாரங்களில் மூடுவதே சரி. ஆனால் தளர்வு தொடங்கும்போது இதைக் கடைசிக்குத் தள்ள வேண்டியதில்லை. 2020 மே மாதம் மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், நோய் கண்டிருந்த இரண்டு முடிதிருத்துநர்கள் 139 பேருக்கு வேலை செய்தார்கள். இரு தரப்பினரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். பரிசோதனைக்கு முன்வந்த 67 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை, மற்றவர்களிடமும் அறிகுறி தோன்றவில்லை.

10. உணவகம் மட்டும் என்ன பாவம் செய்தது? அங்கேயும் உணவுதானே?

உணவு விற்பதில் சிக்கலில்லை, உட்கார்ந்து சாப்பிடுவதில்தான் சிக்கல். முகக்கவசம் இல்லாமல், மூடிய அறையில், பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் இருப்பது சுவாசத் தொற்றுக்கு மிக உகந்த சூழல். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், தொற்று உறுதியானவர்கள் முந்தைய இரு வாரங்களில் உணவகத்தில் சாப்பிட்டதாகச் சொன்னது மற்றவர்களைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. கடைக்குப் போய்வந்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எனவே பார்சல் தரும் உணவகம் திறந்திருக்கலாம், மேசைகள் மூடியிருக்க வேண்டும்.

11. இப்போதுதான் எல்லாமே இணையத்தில் கிடைக்கிறதே, கடையே எதற்கு?

வங்கி அட்டையும் கைப்பேசியும் முகவரியும் உள்ளவர்களுக்குக் கிடைக்கும். மற்றவர்களுக்குக் கடைதான். தவிர, இணையத்தில் வாங்கினால் மனிதச் சந்திப்பு மறைந்துவிடுவதில்லை. அது கிடங்குக்கு இடம் மாறுகிறது. 2020 ஏப்ரல் 14 அன்று பிரான்ஸின் நாந்தேர் நீதிமன்றம், ஊழியர் பாதுகாப்பை முறையாக மதிப்பிடும் வரை உணவு, சுகாதார, மருத்துவப் பொருள்களை மட்டுமே அனுப்ப வேண்டும் என்று அமேசானுக்கு ஆணையிட்டது; நிறுவனம் அந்நாட்டுக் கிடங்குகளை மே மாதம் வரை மூடியே வைத்தது. எனவே கடைக்கு மூன்றாம் கேள்வியில் கேட்டதைக் கிடங்குக்கும் கேட்க வேண்டும்.

12. திறந்தவெளிச் சந்தையை மூடிவிட்டு, குளிர்சாதன அங்காடியை மட்டும் திறக்கிறார்களே, அது சரியா?

பெரும்பாலும் சரியில்லை. திறந்தவெளியில் கிருமி காற்றில் கலைந்துவிடும். அடைத்த கட்டடத்தில் தேங்கும். அங்காடியில் ஆட்களை எண்ணி உள்ளே விடுவது எளிது, சந்தையில் அது கடினம் என்பதே நிர்வாகங்கள் அப்படி முடிவெடுப்பதற்குக் காரணம். சந்தையை மூடுவதைவிட, கடைகளை இடைவெளி விட்டுப் பரப்பி, பல மைதானங்களுக்குப் பிரிப்பது நல்லது. நியூசிலாந்து 2020 மார்ச்சில் தனி இறைச்சிக் கடைகளையும் காய்கறிக் கடைகளையும் மூடி அங்காடிகளைத் திறந்து வைத்தது. மக்கள் எல்லோரும் அதே சில வாசல்களில் வரிசை நின்றார்கள்.

கூரையிட்ட பெரிய மொத்தச் சந்தை வேறு கதை. பெய்ஜிங்கின் சின்ஃபாடி சந்தை 2020 ஜூன் 13 அன்று மூடப்பட்டது; பல வாரங்களாகத் தொற்றே இல்லாதிருந்த நகரில் அதைச் சுற்றி 300-க்கும் மேற்பட்டோருக்கு நோய் பரவியது அடுத்த வாரங்களில் தெரியவந்தது. நகரத்தின் காய்கறி வரத்தில் பெரும்பங்கு அதன் வழியாகவே நடந்ததால், மூடுவதும் எளிதாக இருக்கவில்லை. மொத்தச் சந்தைக்கு மாற்று இடத்தை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பது நகர நிர்வாகத்தின் கடமை.

13. திறந்திருக்கும் கடையில் வேலை செய்கிறோம். எங்களைப் பற்றி யாராவது யோசித்தார்களா?

போதுமான அளவுக்கு யோசிக்கவில்லை. வாடிக்கையாளர் 20 நிமிடத்தில் போய்விடுகிறார், ஊழியர் நாள் முழுதும் அதே காற்றைச் சுவாசிக்கிறார். பாஸ்டன் நகர அங்காடி ஒன்றில் 2020 மே மாதம் 104 ஊழியர்களைப் பரிசோதித்தபோது ஐந்தில் ஒருவருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு அறிகுறியே இல்லை. வாடிக்கையாளர்களை நேரில் எதிர்கொள்ளும் பணியில் இருந்தவர்களுக்கு ஆபத்து மற்ற ஊழியர்களை விட ஐந்து மடங்காக இருந்தது.

ஒரு கடையைப் பட்டியலில் சேர்க்கும் அரசு, அங்கே வேலை செய்பவருக்கு நோய் வந்தால் ஊதியத்துடன் விடுப்பும், தரமான முகக்கவசமும், தடுப்பூசி வரும்போது முன்னுரிமையும் தர வேண்டும். ஊதியமில்லாத விடுப்பென்றால் காய்ச்சலோடு வேலைக்கு வருவார்கள்; அவர்களைக் குறைசொல்ல இயலாது.

14. என் கடையைத் திறக்க அனுமதி உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடலாம்?

ஆணையில் எண்ணிக்கை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பிரான்ஸ் 2020 நவம்பர் இறுதியில் ஒருவருக்கு 8 சதுர மீட்டர் என்றும், பெல்ஜியம் 10 சதுர மீட்டர் என்றும் வைத்தன. அலமாரியும் கல்லாவும் அடைத்த இடத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். இந்த வரம்புக்குப் பலன் உண்டு: 10 அமெரிக்கப் பெருநகரங்களின் கைப்பேசி நடமாட்டத் தரவைக் கொண்டு செய்யப்பட்டு 2020 நவம்பரில் வெளியான ஆய்வு ஒன்று, இடங்களின் கொள்ளளவில் 20 விழுக்காடு ஆட்களை மட்டும் அனுமதித்தால், சிகாகோவில் புதிய தொற்றுகள் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறையும் என்று கணித்தது, வருகைகளின் இழப்போ 42 விழுக்காடுதான். ஏழைப் பகுதிகளில் மளிகைக்கடைக்குப் போவது வசதியான பகுதிகளைவிட இரு மடங்கு ஆபத்தானது என்றும் அது காட்டியது, அங்கே கடைகளில் நெரிசல் அதிகம் என்பதால். அத்தகைய பகுதிகளில் கடைகளைக் குறைப்பது தவறு, கூட்ட வேண்டும்.

கதவையும் சன்னலையும் திறந்து வையுங்கள். ஒவ்வொரு பொட்டலத்தையும் கிருமிநாசினியால் துடைப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். கொரோனா கிருமி நெகிழிப் பரப்பில் 72 மணி நேரம் வரை பிழைத்திருந்ததாக 2020 மார்ச்சில் வந்த ஆய்வு பலரையும் பயமுறுத்தியது, ஆனால் அசுத்தமான பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் மதிப்பிட்டது.

15. முடக்கம் மாதக்கணக்கில் நீண்டால் இதே பட்டியல் போதுமா?

போதாது. இரண்டு வாரத்துக்கு எழுதிய பட்டியலை மூன்று மாதத்துக்கு நீட்டிப்பதுதான் அதிகம் நடந்த பிழை. முதல் வாரத்தில் குழந்தைக்குச் செருப்பு வாங்குவது ஆடம்பரம். மூன்றாம் மாதத்தில் பழைய செருப்பு காலில் நுழையாது. குளிர்பெட்டி பழுதானால் முதல் நாளிலேயே தேவை கடுமையாகிவிடும். நியூசிலாந்து ஒரு வாரம் கழிந்ததும் சூடேற்றி, வீட்டுச் சாதனங்கள், கணினி போன்றவற்றை அனுப்பிவைக்க அனுமதித்தது. இத்தாலி புத்தகக் கடைகளோடு குழந்தைகள் உடைக் கடைகளையும் திறந்தது.

பட்டியலை நீட்டும்போது அளவுக்கு மீறி நுணுக்கம் பார்த்தால் கேலிக்கூத்தாகும். தென்னாப்பிரிக்கா 2020 மே மாதம் வெளியிட்ட உடைப் பட்டியல், அரைக்கைச் சட்டையைக் குளிருக்கு உள்ளே அணியும் ஆடையாகக் காட்சிக்கு வைத்தால் மட்டுமே விற்கலாம் என்றது. பொருளைப் பொருளாக எண்ணிக்கொண்டிருப்பதைவிட, குறித்த நாளுக்குப் பிறகு எல்லாக் கடைகளும் வாசலில் கொடுக்கலாம் என்பது தெளிவான விதி.

16. எங்கள் கடையில் பாதிச் சரக்கு பட்டியலில் இருக்கிறது, பாதி இல்லை. திறக்கலாமா?

ஆணை கடையின் முதன்மைத் தொழிலைப் பார்க்கிறதா, பொருள்வாரியாகப் பிரிக்கிறதா என்பதை முதலில் கவனியுங்கள். முதன்மைத் தொழில் என்றால், முடக்கத்துக்கு முந்தைய உங்கள் விற்பனைக் கணக்கும் உரிமமும் பேசும். நேற்று வாங்கி வைத்த இரண்டு பெட்டி சோப்பு பேசாது. பொருள்வாரி என்றால் மற்ற பகுதியைக் கயிறு கட்டி அடைத்துவிட்டுத் திறக்கலாம். ஐயமிருந்தால் உள்ளூர் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு, விடையையும் எழுத்தில் வாங்கி வாசலில் ஒட்டுங்கள். ரோந்து வருகிறவர் தொலைபேசியில் வாங்கிய அனுமதியை ஏற்க மாட்டார்.

விடை வரும் வரை, உள்ளே எவரையும் விடாமல் பட்டியலில் உள்ள பொருளை மட்டும் வாசலில் கொடுக்க ஆணை இடந்தருகிறதா என்று பாருங்கள். இடந்தந்தால் அதோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பான வழி. அதற்கும் இடமில்லையென்றால் மூடியிருங்கள், ஆனால் கேட்ட தேதியைக் குறித்து வையுங்கள்; இழப்பீடு அறிவிக்கப்பட்டால் எந்த நாள் முதல் மூடியிருந்தீர்கள் என்று காட்ட அது உதவும்.